சுவருக்கு யார் முத்தவல்லி?

டில்லியில் 1956-ஆம் ஆண்டில் எழுந்தது விஞ்ஞான் பவன். அவ்வாண்டின் இறுதியில் யுனெஸ்கோவின் பொது மாநாடு அங்கேதான் கூடிற்று. விடுதலை பெற்று ஒன்பதாண்டே ஆன ஒரு நாடு, உலகத்தாரைத் தன் வீட்டுக்கு அழைத்து உட்கார வைக்கக் கட்டிய கூடம் அது. விருந்தினர் வந்து போன பின்னர், அக்கூடத்தின் முகப்பு மண்டபச் சுவர் வெறுமையாய் இருப்பது ஆட்சியாளர் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். 1957-இல் அச்சுவரை அணி செய்யும் பணியை அமர்நாத் ஸேகல் என்னும் சிற்பியிடம் ஒப்படைத்தனர்.

ஸேகல் 1922-இல் காம்ப்பெல்பூரில் பிறந்தவர். அவ்வூர் இன்று பாகிஸ்தானில் அட்டோக் எனப்படுகிறது. லாகூரில் படித்து, பிரிவினையின் நெருப்பினூடே இப்பக்கம் வந்து சேர்ந்தவர். அந்நெருப்பின் சூடு அவருடைய கைவேலையில் இறுதிவரை ஆறவில்லை என்பது, அவர் 1958-இல் வடித்த ‘கேளாத கூக்குரல்கள்’ என்ற சிற்பத்தைக் கண்டவர்க்குத் தெரியும். அத்தகையவர் அரசின் சுவரில் ஐந்தாண்டுகள் உழைத்தார். 1962-இல் பணி முடிந்தது. நீளம் 140 அடி, உயரம் 40 அடி, முழுவதும் வெண்கலம். சிற்றூர் வாழ்வும் புதிய இந்தியாவின் வாழ்வும் அதில் ஒருங்கே திரண்டிருந்தன.

பதினேழு ஆண்டுகள் அது சுவரில் இருந்தது. 1979-இல் அதைக் கழற்றினார்கள். சிற்பிக்கு ஒரு வரி எழுதவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. துண்டு துண்டாகக் கழன்ற வெண்கலம் அரசின் கிடங்கொன்றில் போய்ச் சேர்ந்தது. போகும் வழியிலும், போய்ச் சேர்ந்த இடத்திலும் சிதைந்தது. சில பகுதிகள் காணாமலே போயின.

அரசுக் கட்டிடங்களில் கலைக்கென்று பொதுப்பணத்தை ஒதுக்குவது சரியா தவறா என்று நம்மவர் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தச் சுவரே நினைவுக்கு வருகின்றது. பேசுவோர் பெரும்பாலும் பணத்தைப் பற்றியே பேசுகின்றனர். கிடங்கைப் பற்றிப் பேசுவாரைக் காணோம்.

ஒதுக்கீடு என்னும் ஏற்பாடு புதிதன்று. அமெரிக்காவில், பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, 1934-இல் கருவூலத் துறை ஒரு கலைப் பிரிவை ஏற்படுத்திற்று. புதிய அஞ்சலகங்களும் நீதிமன்றங்களும் கட்டும் செலவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கை ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் ஒதுக்கலாயிற்று. போட்டிகள் பெரும்பாலும் பெயர் மறைத்து நடத்தப்பட்டன; யார் வரைந்தது என்று தெரியாமலே நடுவர் தேர்ந்தெடுத்தனர். 1943 வரை அப்பிரிவு இயங்கிற்று. பிரான்சு நாடு 1951-இல் பள்ளிக் கட்டிடங்களுக்கு நூற்றுக்கு ஒன்று என்று விதி செய்தது. பிலடெல்பியா நகரம் 1959-இல் தன் விதியை இயற்றிற்று. நம் நாட்டிலும் நேரு காலத்தில், புதிதாக எழும் பெருங்கட்டிடங்களில் இந்தியக் கலைஞர்க்கு இடம் அளிக்க வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது. மன்னரும் ஜமீன்தாரும் போன பின் கலைஞனுக்குச் சோறு போடுவது யார் என்ற கேள்விக்கு அன்றிருந்தோர் கண்ட விடை அது. விடையில் குற்றமில்லை என்றே கருதுகின்றேன்.

ஆயினும் அந்த விடை எத்தகைய கலையைப் பெற்றெடுத்தது என்பதையும் பார்க்க வேண்டுமன்றோ?

சில ஆண்டுகளுக்கு முன் டில்லி சென்றிருந்தபோது, காயல்பட்டினத்து நண்பர் ஒருவரோடு பாராளுமன்றத் தெரு வழியே நடந்து கொண்டிருந்தேன். ரிசர்வ் வங்கியின் வாயிலில் இருபதடிக்கும் மேற்பட்ட இரண்டு கல்லுருவங்கள் நின்றன. ஒரு பக்கம் யக்ஷன், மறுபக்கம் யக்ஷி. நண்பர் வணிகர், கலையில் அக்கறை உள்ளவர் அல்லர். அண்ணாந்து பார்த்துவிட்டு, “பணத்துக்குக் காவலா, பணம் கேட்டு நிற்கிறார்களா?” என்றார். நான் சிரித்தேன். ஆனால் அக்கேள்வி அன்று முழுவதும் என்னை விடவில்லை.

அவற்றை வடித்தவர் ராம்கிங்கர் பேய்ஜ். அவர் பெயரைக் கேட்டதுமே இந்தியச் சிற்பக்கலை அறிந்தோர் நிமிர்ந்து உட்காருவர். 1906-இல் வங்கத்தில் பாங்குரா பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்து, சாந்திநிகேதனில் வாழ்நாளைக் கழித்து, 1980-இல் மறைந்தவர். வங்கியின் புதிய கட்டிடத்துக்குச் சிற்பம் வேண்டும் என்று முடிவானபோது, கலை விமர்சகர் கார்ல் கண்டாலவாலாவிடம் யோசனை கேட்டனர். குபேரனின் பரிவாரமாகச் சொல்லப்படும் யக்ஷர்களை வங்கியின் வாயிலில் நிறுத்தலாம் என்ற எண்ணம் உருவாயிற்று. தொழில் வளத்துக்கு யக்ஷன், வேளாண் வளத்துக்கு யக்ஷி. மதுரா அருங்காட்சியகத்திலுள்ள பழைய பர்க்கம் யக்ஷனும், கல்கத்தா அருங்காட்சியகத்திலுள்ள பேஸ்நகர் யக்ஷியும் முன்மாதிரிகளாயின. கல்லோ இமயச் சாரலில் காங்ராப் பகுதியிலிருந்து வர வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய கல்லை மலையிலிருந்து பெயர்த்து இறக்குவதே ஒரு யுத்தம். ஏறத்தாழப் பத்தாண்டு இழுத்து, 1967-இல் உருவங்கள் வாயிலில் நிலைபெற்றன. நிலைபெற்றதும் யக்ஷியின் ஆடையின்மையைக் குறித்து ராஜ்ய சபையிலேயே கேள்வி எழுந்தது.

ஆடையைப் பற்றிய வழக்கில் நான் நுழைய விரும்பவில்லை. கலையாகப் பார்க்கும்போது என் குறை வேறு. இதே ராம்கிங்கர் 1938-இல் சாந்திநிகேதன் மண்ணில் ‘சந்தால் குடும்பம்’ என்ற சிற்பத்தை வடித்தார். பளிங்கு இல்லை, வெண்கலம் இல்லை. வாங்கப் பணமில்லை. சிமெண்டையும் அவ்வூர்ச் செம்மண் சரளையையும் குழைத்து அப்பினார். ஓர் ஆண், ஒரு பெண், குழந்தை, நாய். தங்கள் உடைமை முழுவதையும் சுமந்துகொண்டு வேறிடம் செல்கின்றனர். அவ்வளவே. அதன் பரபரப்பான மேற்பரப்பில் கையின் வேகம் அப்படியே உறைந்திருக்கின்றது. 1956-இல் அதே முறையில் ‘ஆலை அழைப்பு’ என்று இன்னொன்று. ஆலைச் சங்கின் ஒலி கேட்டு ஓடும் பெண்களின் ஈர ஆடை காற்றில் பறக்கின்றது. இவ்விரண்டுக்கும் எந்தச் சதவிகிதமும் இல்லை, குழு இல்லை, ஒப்பந்தமில்லை.

வங்கி வாயிலுக்கு வரும்போது அந்தக் கை தயங்குவதைக் காண்கிறோம். குழுவினர் சொன்ன பொருள், அருங்காட்சியகம் தந்த முன்மாதிரி, மலை தந்த கல், வேறு கல்தச்சர்களின் உளி. இவ்வளவும் நடுவே புகுந்துவிட்ட பின் ராம்கிங்கருக்கு எஞ்சிய இடம் குறுகியது. யக்ஷன் கனமாக நிற்கிறான். நிற்கிறான் என்பதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. யக்ஷியின் உடல் வளைவில் மட்டும் பழைய ராம்கிங்கர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பதுபோல் தோன்றுகிறது. அரசின் பணம் கலைஞனைக் கெடுத்துவிட்டது என்று இதைக் கொண்டு முடிவு கட்டுவோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. கெடுத்தது பணமன்று, முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட பொருள். பொருளைக் குழு எழுதிக் கொடுத்துவிட்டு உருவத்தை மட்டும் கலைஞனிடம் கேட்டால், அவனிடம் கேட்பது கூலி வேலைதான்.

இங்கே நம் வாசகர் மனத்தில் எழக்கூடிய ஒரு தயக்கத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். உருவச் சிற்பம் என்றால் நாம் சற்று ஒதுங்கி நிற்பவர்கள். அது நம் மார்க்க வழி வந்த பழக்கம். அதற்கு மன்னிப்புக் கோரவும் வேண்டியதில்லை, அதைப் பிறர் மேல் சுமத்தவும் வேண்டியதில்லை. ஆனால் பொதுப்பணம் என்று வரும்போது ஒதுங்கி நிற்க முடியாது. ஸேகலின் வெண்கலத்தில் என் பாட்டனார் வாங்கிய தீப்பெட்டியின் வரியும் உண்டு. அணிசெய் கலை நமக்குப் புதியதும் அன்று. வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கீழக்கரை ஜும்ஆப் பள்ளியின் கற்றூண்களை நோக்குங்கள். தமிழ்நாட்டுக் கல்தச்சன் தான் அறிந்த திராவிடக் கட்டிடப் பாணியிலேயே தூண் செய்து, உருவங்களை விடுத்துப் பூவும் கொடியும் கோலமும் செதுக்கியிருக்கின்றான். அங்கே கட்டிடத்துக்கு இவ்வளவு, கலைக்கு இவ்வளவு என்று எவரும் கணக்குப் பிரித்திருக்க மாட்டார். தூணே கலை, கலையே தூண். பின்னால் எவனாவது ‘இந்தப் பூவேலை இனி வேண்டாம், கழற்றிக் கிடங்கில் போடு’ என்று சொல்ல விரும்பினாலும், கூரை தலையில் விழும்!

நூற்றுக்கு ஒன்று என்ற ஏற்பாட்டின் பலவீனம் இங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகின்றது. அது கலையைக் கட்டிடத்தின் மேல் பூட்டும் நகையாக்கி விடுகின்றது. பூட்டிய நகையைக் கழற்றுவது எளிது.

அதனினும் பெரிய பலவீனம் ஒன்றுண்டு. செய்வதற்கு விதி உண்டு, பணம் உண்டு, குழு உண்டு, திறப்பு விழா உண்டு. பேணுவதற்கு என்ன உண்டு? ஒரு வக்ஃபை நினைத்துப் பாருங்கள். சொத்தை எழுதி வைப்பவர் வாகிஃபு. அவர் விதித்த ஷரத்துக்கு ஃபிக்ஹு நூல்கள் எவ்வளவு கனம் கொடுக்கின்றன என்பதை நாம் அறிவோம். அதை நிர்வகிக்க ஒரு முத்தவல்லி உண்டு. கணக்கு கேட்க ஜமாஅத் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, வக்ஃபின் வருமானத்தில் முதற்செலவு அதன் பழுதுபார்ப்பே என்று ஹனஃபி நூல்கள் சொல்லுகின்றன. வாகிஃபு அதை எழுத மறந்திருந்தாலும் சரியே. கட்டியவன் போன பின்னும் பொருள் நிற்க வேண்டும் என்ற கவலை, கட்டும்போதே சட்டத்துக்குள் வைக்கப்பட்டிருக்கின்றது. (நம் முத்தவல்லிகள் அனைவரும் அக்கவலையோடு இருக்கிறார்களா என்பது வேறு கதை. அதை இந்தக் கட்டுரையில் தொட்டால் இடம் போதாது.) விஞ்ஞான் பவன் சுவருக்கு வாகிஃபு இருந்தார், வரி கொடுத்த மக்கள்தாம் அவர். ஷரத்து இல்லை. முத்தவல்லி இல்லை.

ஸேகல் பல முறை அரசுக்கு எழுதினார். பயனில்லை. 1992-இல் டில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அவர் கையில் இருந்த ஆயுதம் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு. அவரிடம் சுவரை ஒப்படைத்த அதே ஆண்டில், அதே அரசு இயற்றிய சட்டம்! பதிப்புரிமையையே விற்றுவிட்டாலும், படைத்தவனுக்குத் தன் படைப்பின் மீது இரண்டு உரிமைகள் எஞ்சி நிற்கின்றன என்கிறது அப்பிரிவு. ‘இது என்னுடையது’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஒன்று. தன் பெயருக்கு இழுக்கு நேரும்படி அதைச் சிதைத்தாலும் திரித்தாலும் தடுக்கவும் இழப்பீடு கேட்கவும் உள்ள உரிமை மற்றொன்று. அமெரிக்கக் கலைஞருக்கு இத்தகைய பாதுகாப்பைத் தேசியச் சட்டம் தந்தது 1990-இல்தான். ஏட்டளவில் நாம் முப்பதாண்டுக்கு மேல் முந்திவிட்டோம்.

அரசுத் தரப்பு சொன்ன வாதம் எளியது. பணம் கொடுத்து வாங்கிய பொருள், எங்களுக்கு உடைமை, எதையும் செய்யலாம். தவிரவும் வழக்குத் தொடுக்கும் காலம் கடந்துவிட்டது. இதைப் படித்தபோது, கடையில் வாங்கிய செம்புக் குடத்தைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது எனக்கு.

2005 பிப்ரவரியில் நீதிபதி பிரதீப் நந்திரஜோக் தீர்ப்பளித்தார். ஒரு படைப்பை அழிப்பது, அதைச் சிதைப்பதன் உச்சநிலையே. அழிவினால் கலைஞனின் வாழ்நாள் படைப்புத் தொகுதியே குறைவுபடுகின்றது. ஆகவே அவன் பெயருக்கு அது இழுக்கே என்பது தீர்ப்பின் சாரம். எஞ்சிய துண்டுகளைச் சிற்பியிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். அவற்றில் அரசுக்கு இனி எவ்வுரிமையும் இல்லை. ஐந்து இலட்சம் ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்றார். சிற்பிக்கு அப்போது வயது 83. சுவரில் பதினேழு ஆண்டுகள் இருந்த சிற்பம், கழற்றப்பட்டு அப்போது இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2007 டிசம்பரில் ஸேகல் மறைந்தார்.

இந்தத் தீர்ப்பைச் சட்ட அறிஞர் அனைவரும் போற்றுகின்றனர். போற்றத்தக்கதே. ஆயினும் எனக்கொரு மனக்குறை உண்டு. சிற்பி தன் உரிமையைப் பெற்றார். மக்கள் எதைப் பெற்றனர்? பொதுப்பணத்தில் பொதுக் கட்டிடத்தில் பொதுமக்களுக்காக எழுந்த ஒன்று, பொதுமக்களின் ஊழியராலேயே உடைபட்டு, கடைசியில் தனியொருவரின் உடைமையாயிற்று. வழக்கில் இருவர் இருந்தனர்: செய்தவர் ஒருவர், உடைத்தவர் ஒருவர். பார்த்தவர்களுக்கு அந்த நீதிமன்றத்தில் நாற்காலி இல்லை. ஸேகல் வழக்குத் தொடுக்காமல் இருந்திருந்தால், அல்லது 1979-க்கு முன்னரே கண்மூடியிருந்தால், நமக்காக யார் போய் நின்றிருப்பார்?

சட்டத்தின் சிறு எழுத்தையும் நோக்குங்கள். 1994-இல் 57-ஆம் பிரிவைத் திருத்தியபோது ஒரு விளக்கம் சேர்த்தார்கள். ஒரு படைப்பைக் காட்சிக்கு வையாதிருப்பதோ, படைத்தவனுக்கு நிறைவளிக்கும் வகையில் வையாதிருப்பதோ அவனுடைய உரிமையை மீறியதாகாது என்பது அவ்விளக்கம். பொருள் என்ன? ஒரு துண்டும் உடையாமல் பஞ்சு சுற்றிப் பெட்டியில் பூட்டிக் கிடங்கில் வைத்தால் எவரும் கேட்க முடியாது. உடைத்ததுதான் குற்றம், மறைத்தது குற்றமன்று. பார்ப்பதற்கென்றே செய்த ஒரு பொருளுக்கு இது என்ன பாதுகாப்பு?

தனியார் வாங்கிய ஓவியத்துக்கு இவ்விளக்கம் நியாயமாயிருக்கலாம். என் வீட்டுச் சுவரில் எதை மாட்டுவது என்பது என் விருப்பம். அரசின் சுவர் என் வீட்டுச் சுவர் அல்லவே.

அடுத்துக் கேளுங்கள். டில்லி பிரகதி மைதானத்தில் 1972-ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்காகக் கட்டிடக் கலைஞர் ராஜ் ரேவலும் பொறியாளர் மகேந்திர ராஜும் ‘தேசங்களின் மண்டபம்’ என்றொன்றை எழுப்பினர். கான்கிரீட்டினாலேயே வலைபோல் பின்னிய மாபெரும் கூடு. இரும்பு கிடைப்பது அரிதாயிருந்த காலத்தில், கையுழைப்பை நம்பி எழுந்தது. உலகெங்கும் கட்டிடக்கலை மாணவர் பாடம் படித்த கட்டிடம். 2017 ஏப்ரலில் ஓரிரவில் இடித்துத் தள்ளினார்கள். ரேவல் அதே உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2019-இல் அவர் வழக்குத் தள்ளுபடியாயிற்று. நிலமும் கட்டிடமும் யாருடையதோ அவர் இடிக்கலாம். கட்டிடக் கலைஞனின் உரிமை அதைத் தடுக்காது. முற்றிலும் இல்லாமற்போன ஒன்றை எவரும் காண முடியாது, காணாத ஒன்றால் பெயருக்கு இழுக்கு நேராது என்ற போக்கில் தீர்ப்பு அமைந்தது. 2005-இல் அழிவு சிதைவின் உச்சநிலை. 2019-இல் அழிவு சிதைவே அன்று. கட்டிடம் வேறு, சிற்பம் வேறு என்று சட்டம் படித்தோர் எனக்கு விளக்கம் சொல்லுவர். சொல்லட்டும். சாமானியன் காதில் விழுவது, உடைப்பதானால் அரைகுறையாக உடைக்காதே என்ற அறிவுரைதான்.

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கையும் இங்கே ஒப்பிட வேண்டும். நியூயார்க்கில் மத்திய அரசு அலுவலகத்தின் முன்வெளியில் 1981-இல் ரிச்சர்ட் செர்ரா என்ற சிற்பி 120 அடி நீளமும் 12 அடி உயரமும் கொண்ட இரும்புத் தகட்டுச் சுவரொன்றைச் சற்றே சாய்த்து நிறுத்தினார். கட்டுமானச் செலவில் நூற்றுக்கு அரைப் பங்கைக் கலைக்கு ஒதுக்கும் மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் வந்தது அது. செலவு 1,75,000 டாலர். அலுவலகத்தில் பணிபுரிவோர் பலர் அதை வெறுத்தனர். நடந்து செல்லும் வழியை மறிக்கின்றது என்றனர். துருப்பிடித்த இரும்பைப் பார்த்துக்கொண்டு மதிய உணவு இறங்கவில்லை என்றனர். 1985-இல் மூன்று நாள் பொது விசாரணை நடந்தது. சாட்சி சொன்னவர் 180 பேர். அவர்களில் 122 பேர் அது இருக்கட்டும் என்றனர். ஆயினும் விசாரணைக் குழு நால்வருக்கு ஒருவர் என்ற வாக்கில் அகற்றப் பரிந்துரைத்தது. 1989 மார்ச்சில் ஓரிரவில் அதை மூன்று துண்டாக அறுத்து எடுத்துச் சென்றனர். செர்ரா நீதிமன்றத்திலும் தோற்றார்.

முடிவில் இரண்டும் கிடங்குக்குத்தான் போயின என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனாலும் நான் வேறுபாடு காண்கிறேன். அங்கே சிற்பத்தை வெறுத்தவனுக்கும் எழுந்து நின்று பேச ஓர் இடம் கிடைத்தது, விரும்பியவனுக்கும் கிடைத்தது. எட்டாண்டு அந்நகரம் அதைப் பற்றிச் சண்டையிட்டது. அச்சண்டையில் அந்த இரும்புச் சுவர் மக்களுடையதாகிவிட்டது. விஞ்ஞான் பவன் சுவரைப் பற்றி எவரும் சண்டையிடவில்லை. வெறுத்துக் கழற்றினார்கள் என்றாலும் ஒரு மதிப்புண்டு. இங்கே வெறுப்பும் இல்லை. அது அங்கே இருக்கிறது என்ற நினைவே இல்லை.

சென்னை மெரினாவில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959 முதல் நிற்கின்றது. நான்கு பேர் ஒரு பாறையை உந்துகின்றனர். அவர் சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராய் நெடுங்காலம் இருந்தவர். லலித் கலா அகாதமியின் முதல் தலைவரும் அவரே. அச்சிலையைக் காப்பது எந்தப் பிரிவும் அன்று என்பது என் துணிபு. பேருந்தில் நடத்துனர் குரல் கொடுக்கிறாரே, ‘உழைப்பாளர் சிலை இறங்கு’ என்று, அந்தக் குரல்தான் காவல். இறங்குமிடத்தின் பெயரையே ஒருவர் கழற்றிக் கிடங்கில் போட முடியுமா? ஆனால் எல்லாச் சிற்பத்துக்கும் பேருந்து நிற்காது.

இதை எழுதத் தூண்டியது டில்லியும் அன்று, நியூயார்க்கும் அன்று. எங்கள் கடற்கரைப் பக்கத்து ஊரொன்றில் ஓர் அரசு அலுவலகம் இருக்கின்றது. அதன் முன்கூடத்தில், என் இளமைக் காலத்தில், உடைந்த ஓட்டுத் துண்டுகளையும் சங்குச் சில்லுகளையும் பதித்து ஒரு சுவரோவியம் இருந்தது. பனைமரங்கள், இரண்டு பாய்மரத் தோணிகள், உப்பளம். யார் செய்தது என்று கேட்கும் அறிவு அன்று எனக்கில்லை. வாப்பாவோடு வரி கட்டப் போகும்போதெல்லாம் அந்தத் தோணியின் பாயை விரலால் தடவிப் பார்ப்பேன். சங்குச் சில்லு குளிர்ச்சியாயிருக்கும். சென்ற ஆண்டு ஒரு வேலையாக அங்கே போனேன். சுவர் முழுவதும் வெளிர்நீல வர்ணம். ஒரு பெரிய மனிதரின் வருகைக்காகக் கட்டிடத்துக்கு வர்ணம் பூசினார்களாம். மேடுபள்ளமாயிருந்த பகுதியைச் சுத்தியலால் தட்டிச் சமப்படுத்திவிட்டுப் பூசியதாகச் சொன்னார்கள்.

அங்கிருந்த எழுத்தர் நல்லவர், வயதில் இளையவர். நான் கேட்டதற்காக இருப்புப் பதிவேட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். “நாற்காலிக்கு எண் இருக்கு பாய், அலமாரிக்கு இருக்கு, உடைஞ்ச மேசை விசிறிக்குக்கூட எண் போட்டிருக்கு. உடைஞ்சதுன்னு எழுதி மேலிடத்துல உத்தரவு வாங்காம அதை நாங்க வெளியே போட முடியாது” என்றார். சுவரில் இருந்ததற்கு என்று கேட்டேன். இன்னும் இரண்டு பக்கம் புரட்டினார். பிறகு பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, எனக்குத் தேநீர் சொல்லி அனுப்பினார்.